மோட்டார் ரூமும் மூன்று மஞ்சள் ஒயரும்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிணத்துக்கடவுப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து பொழுதோட கோயமுத்தூர் திரும்பலாம் என்று வண்டியை எடுத்தேன். செல்ஃப் பட்டனை அமுக்கினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். மீட்டர் விளக்கு மங்கி அணைந்தது. அந்தப் பேட்டரி வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு வருடத்தில் அது மூன்றாவது பேட்டரி.

அப்பா மோட்டார் ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்றா கண்ணு, வண்டி எந்திரிக்கலியா?"

"பேட்டரி போச்சுங்கப்பா. மறுக்கா மாத்தோணும்."

"மோட்டாரு தண்ணி எறைக்கலீன்னா ஒடனே மோட்டாரயா மாத்தறோம்? மொதல்ல லைன்ல ஓல்ட்டு வருதான்னு பாக்கோணும். பொறவு கேபிளு. கட்டக்கடைசீலதான மோட்டாரு?"

கிக்கரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஒத்தக்கால்மண்டபம் தாண்டும் வரைக்கும் அவர் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. இரண்டு வருடமாகப் பேட்டரியை மாத்தினேன், ஒரு தடவை ரெக்டிஃபையர் ரெகுலேட்டரையும் மாத்தினேன். ஒரு தடவைகூட லைனைப் பார்க்கவில்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அந்த ஒன்றுதான்: பேட்டரியை மாற்றும் முன் ஒயரை அளந்து பாருங்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

என் வண்டி பன்னிரண்டு வருடப் பழசு. ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், 12 வோல்ட், 9 ஆம்பியர் அவர் பேட்டரி. இதே அமைப்பில் எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. அதனால் வண்டியின் பெயர் இங்கே முக்கியமில்லை.

வண்டிக்குள் ஒரு மும்முனை மின்சாரம்

தோட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுளுவு. இன்ஜினின் பக்கவாட்டு மூடிக்குள் காந்தம் பதித்த ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதை மேக்னெட் என்போம். அதன் நடுவில் அசையாமல் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்றுகள்தான் ஸ்டேட்டர், பேச்சுவழக்கில் காயில். அதிலிருந்து மூன்று ஒயர் வெளியே வரும். பெரும்பாலான வண்டிகளில் மூன்றும் மஞ்சள் நிறம். மூன்று பேஸ், ஏசி. மோட்டார் ரூமுக்கு வருவதும் இதே மும்முனைதான், அளவுதான் வேறு.

அந்த ஏசியை டிசியாக்கி 14 வோல்ட் சுமாருக்குக் கட்டுப்படுத்துவது ரெக்டிஃபையர் ரெகுலேட்டர். மெக்கானிக்குகள் ஆர்ஆர் யூனிட் என்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஷன்ட் வகை. தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தைக் காயிலுக்கே குறுக்கே திருப்பிவிட்டு, அந்த வேலையில் வரும் சூட்டைத் தன் உடம்பு வழியாக வெளியேற்றும். அதன் முதுகில் அலுமினிய மடிப்புகள் இருப்பதும், காற்றுப் படும் இடத்தில் அதை மாட்டியிருப்பதும் இதற்காகத்தான்.

மோட்டாருக்கு ஒரு பேஸ் போய்விட்டால் உறுமும், சுற்றாது, காயில் கருகும். அதைத் தடுக்கத்தான் ஸ்டார்ட்டருக்குள் பிரிவென்ட்டர் வைக்கிறோம். வண்டியில் அந்தக் காவல் கிடையாது. மூன்று மஞ்சளில் ஒன்று கருகிப் போனாலும் மற்ற இரண்டு கொஞ்சம் சார்ஜ் கொடுத்துக்கொண்டே இருக்கும். வண்டி ஓடும், விளக்கு எரியும், பேட்டரி மட்டும் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். ஈய அமில பேட்டரியை அரைகுறை சார்ஜிலேயே வைத்திருந்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிப்போகும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. செத்துப்போன பேட்டரியைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதுசை மாட்டுவோம், அதுவும் அதே பட்டினியில் கிடக்கும்.

மீட்டரைக் கையில் எடுத்தபோது

முதல் சோதனை, வண்டி நிற்கும்போது. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் பேட்டரி முனைகளில் அளந்தால் முழுச் சார்ஜில் 12.6 முதல் 12.8 வோல்ட் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி. 12-க்குக் கீழ் என்றால் கிட்டத்தட்டக் காலி. என்னுடையது 12.1 காட்டியது. பேட்டரியை வீட்டுச் சார்ஜரில் ஓர் இரவு முழுக்கப் போட்டு நிரப்பிய பிறகே மற்ற சோதனைகளைச் செய்தேன். காலிப் பேட்டரியோடு அளந்தால் எண்கள் ஏமாற்றும்.

இரண்டாவது, காயில். இன்ஜினை அணைத்து மஞ்சள் ஒயர் கப்ளரைக் கழற்றி, மூன்று ஒயரையும் இரண்டிரண்டாக ஓம் அளவில் பார்க்க வேண்டும். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2, 0.3 என்று எதையாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை. வரும் எண்ணிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். எனக்கு மூன்று ஜோடியும் 0.4 ஓம் சுமாருக்கு ஒன்றுபோல் வந்தன. எண் வண்டிக்கு வண்டி மாறும், மூன்றும் ஒன்றாக இருப்பதுதான் கணக்கு. எந்த மஞ்சளுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவில் தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் காயில் எர்த் ஆகிவிட்டது. அடுத்து கப்ளரை மாட்டாமலேயே இன்ஜினைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரைச் சீராகப் பிடித்துக்கொண்டு ஏசி அளவில் பார்த்தேன். 58, 57, 58. காயில் நல்ல ஆரோக்கியம். இந்தச் சமயத்தில் வெறுங்கையால் அந்த முனைகளைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, கப்ளரை மாட்டி, ஹெட்லைட்டைப் போட்டு, 4000 ஆர்பிஎம் சுமாருக்கு வைத்துப் பேட்டரி முனையில் அளப்பது. 13.8-லிருந்து 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம், பேட்டரி கொதித்துக் காயும். எனக்கு வந்தது 13.3.

இந்த இடத்தில்தான் போன முறை ஆர்ஆர் யூனிட்டை மாத்தினேன். இந்த முறை அப்பா சொன்னபடி கேபிளைப் பார்த்தேன். மீட்டரை டிசி வோல்ட்டிலேயே வைத்து, சிவப்பு முனையை ஆர்ஆர் யூனிட்டின் பாசிட்டிவ் பின்னில் பின்பக்கமாகச் செருகி, கருப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் வைத்தேன். இரண்டும் பாசிட்டிவ். ஒரே ஒயரின் இரண்டு முனை. ஒயர் நல்லபடி இருந்தால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும், 0.2-ஐத் தாண்டக் கூடாது.

0.62.

அதேபோல் நெகட்டிவ் பக்கம், ஆர்ஆர் யூனிட்டின் கருப்பு ஒயரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு. 0.38.

கூட்டினால் சரியாக ஒரு வோல்ட். ஆர்ஆர் யூனிட்டின் வாயிலிலேயே அளந்தேன், 14.3. அங்கே 14.3 புறப்பட்டு, பேட்டரிக்கு 13.3 வந்து சேர்கிறது.

கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை

பரம்பிக்குளம் ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் பாசனத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருமூர்த்தி அணையில் முழு மடையும் திறந்திருக்கும். ஆனால் வெள்ளகோவில் கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் நடுவிலேயே போய்விடும். அணையில் அளந்தால் குறையே தெரியாது.

என் வண்டியில் பேட்டரிதான் கடைமடை. ரெகுலேட்டர் தன் முனையில் இருக்கும் வோல்ட்டை வைத்துத்தான் முடிவெடுக்கிறது. அங்கே 14.3 வந்துவிட்டது, போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. வழியில் ஒரு வோல்ட் தொலைந்தது அதற்குத் தெரியாது. அது கெடவில்லை, தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நான் பழசை எறிந்துவிட்டுப் புதுசு மாட்டியும் ஏன் சரியாகவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்த ஒரு வோல்ட் எங்கே போகிறது? சூடாகப் போகிறது. அப்போது 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 0.62 வோல்ட் இழப்பு என்பது 6 வாட்டுக்கு மேல். அது ஒயர் நெடுகப் பரவி வந்தால் தெரியாது. நகக்கண் அளவுள்ள ஒரு பின்னுக்குள் பெரும்பகுதி வந்தால் பிளாஸ்டிக் இளகும். இளகினால் பின் தளரும், தளர்ந்தால் தடை கூடும், கூடினால் இன்னும் சூடு.

சீட்டையும் சைடு கவரையும் கழற்றி, ஆர்ஆர் யூனிட்டின் சிவப்பு ஒயர் போகும் கப்ளரைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் வறுத்த கடலை நிறத்துக்குப் போயிருந்தது. சிவப்பு ஒயரின் பின்னைச் சுற்றி ஒரு குழிவு. ஒயரின் தோலைக் கொஞ்சம் சீவினால் உள்ளே செம்பு பளபளக்கவில்லை, பச்சைக் களிம்பு. தேய்க்காமல் வைத்த பித்தளை அண்டாவின் அடிபோல. பன்னிரண்டு மழைக்காலத்துத் தண்ணீர் ஒயரின் இழைகளுக்கு நடுவே ஏறியிருக்கிறது. மஞ்சள் ஒயர் கப்ளரிலும் ஒரு பின் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

பீளமேட்டு அண்ணன்

பீளமேட்டில் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் தோட்டத்து மோட்டார்களை இருபது வருடமாகப் பார்க்கிறவர். கருகிய கப்ளரை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, எங்கட்ட வர்ற மோட்டார்ல முக்காவாசி காயிலு தப்பே இல்லீங். ஒயரு மெலிசா இருக்கும், இல்லீன்னா லக்கு லூசா இருக்கும். காயிலு பாவம், அதும்மேல பழி."

எங்களுக்கே அந்த அனுபவம் உண்டு. ஒரு வருடம் எண்ணூறு அடி போருக்கு விலை குறைவு என்று மெலிசான கேபிள் இறக்கினோம். அந்த வருடம் இரண்டு தடவை மோட்டார் கருகியது. தடித்த கேபிள் இறக்கிய பிறகு இன்றுவரை அந்த மோட்டாரை வெளியே எடுக்கவில்லை.

அந்த அண்ணனின் கடை இருக்கும் பீளமேட்டில்தான் 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்து, மில்லும் கிணறும் மோட்டாருக்கு மாறிய காலம் அது. அந்த ஜி.டி. நாயுடுவின் தொழில் வாழ்க்கையே ஒரு பைக்கில்தான் தொடங்கியது. கலங்கல் கிராமத்துப் பையன், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அதை வாங்குவதற்காகவே கோயமுத்தூர் ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்தார். வாங்கியதும் அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. உங்கள் வண்டியின் சைடு கவரைக் கழற்றத் தயங்காதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

செய்த வேலை

அண்ணன் சொன்ன முதல் எச்சரிக்கை ஒயரைப் பற்றி. செம்புப் பூச்சுப் போட்ட அலுமினிய ஒயர் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. மேலே செம்பு நிறமாகத்தான் இருக்கும். ஒரு இழையை வெட்டி, வெட்டுவாயை வெளிச்சத்தில் பாருங்கள், அல்லது பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டு ஒயரிங் கம்பியும் வேண்டாம், அது விறைப்பு. அதிர்வைத் தாங்க நுண்ணிழைகள் உள்ள ஆட்டோ கேபிள் வேண்டும்.

நான் வாங்கியது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஆட்டோ கேபிள், சிவப்பிலும் கருப்பிலும் ஒரு மீட்டர் வீதம். பேட்டரிக்கு வளைய லக்குகள், தண்ணீர் புகாத கப்ளர் இரண்டு, மூடியோடு கூடிய 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஹோல்டர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். எல்லாம் சேர்த்தாலும் ஒரு புதுப் பேட்டரியின் பாதி விலைகூட ஆகவில்லை. கிரிம்பிங் பிளையரை அண்ணனே இரவல் கொடுத்தார்.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், முடிக்கும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவில் வைத்திருக்கும் ஸ்பேனர் தவறிப் போய் ஃப்ரேமில் பட்டாலும் அப்போது ஒன்றும் ஆகாது.

ஆர்ஆர் யூனிட்டின் சிவப்பு ஒயரைப் பழைய ஹார்னஸிலிருந்து (வண்டியின் ஒயர்க் கட்டு) பிரித்து, புதுக் கப்ளர் வழியாக 60 சென்டிமீட்டர் தூரத்தில் நேராகப் பேட்டரி பாசிட்டிவுக்குக் கொண்டுபோனேன். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும். ஒயர் எங்காவது உரசி ஃப்ரேமில் பட்டால் பாயப்போவது பேட்டரியின் மின்சாரம்தான், அதைப் புறப்படும் இடத்திலேயே தடுக்க வேண்டும். கருப்பையும் அதேபோல் நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு. பெயின்ட் அடித்த ஃப்ரேம் வழியாக எர்த் திரும்பி வரும் என்று நம்பியிருக்கக் கூடாது. ஃப்ரேம் எர்த் போல்ட்டைத் தனியே கழற்றி, உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, வாசலின் தடவி இறுக்கினேன்.

பிரித்த பழைய சிவப்பு முனையை அப்படியே விட்டுவிடாதீர்கள். மெயின் ஃபியூஸ் வழியாக அதில் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஸ்லீவ் போட்டு மூடி ஹார்னஸோடு கட்டிவிட வேண்டும். மூன்று மஞ்சளையும் புதுக் கப்ளரில் மாட்டினேன். மஞ்சளுக்குள் வரிசை கிடையாது, எது எதோடும் சேரலாம்.

சால்டரிங் வைத்தால் இன்னும் உறுதிதானே என்று கேட்பீர்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் குச்சியாக்கிவிடும். ஈயம் நிற்கும் எல்லையில் அதிர்வுக்கு ஒயர் முறியும். ஓடும் வண்டிக்கு நல்ல கிரிம்ப்தான் சரி. கிரிம்ப் செய்தபின் ஒயரைக் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

சில எச்சரிக்கைகள். சில ஆர்ஆர் யூனிட்டில் மெலிசாக ஒரு தனி ஒயர் வரும். பேட்டரி வோல்ட்டை உணர்வதற்கான ஒயர் அது, அதை வெட்டக் கூடாது. ஹெட்லைட் நேரடியாக ஏசியில் எரியும் பழைய வண்டிகளின் அமைப்பே வேறு, அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. வாரண்டியில் இருக்கும் வண்டியிலும், இசியு உள்ள புது வண்டியிலும் அளந்து பார்ப்பதோடும் கப்ளரைச் சுத்தம் செய்வதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த வண்டியிலும் இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றவே கூடாது. அந்த நொடியில் எகிறும் வோல்ட் மின்னணுப் பாகங்களைக் கொன்றுவிடும்.

வரவும் செலவும்

லைன் சரியாகிவிட்டது என்பதற்காகக் கண்டதையெல்லாம் மாட்டக் கூடாது. காயில் தருவது அளவான மின்சாரம், அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான். லட்சுமி மில்ஸ் சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றும் சேர்ந்து வரவைத் தாண்டிவிடும். பேட்டரியிலிருந்து எடுத்துத்தான் சமாளிக்கும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது. 2025-இல் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் சீராக ஓட்டினால் பேட்டரிக்கு ஒரு வேளைச் சோறு போட்ட மாதிரி. கீழே சிக்னல் சிக்னலாகப் போனால் அதே பத்துக் கிலோமீட்டரும் அரை வயிறுதான்.

நம் ஊர் ரூட்ஸ் ஹார்ன் ஜோடியாகப் போட ஆசைப்படுகிறவர்கள் நிறைய. தாராளமாகப் போடுங்கள், ஆனால் ரிலே வைத்துப் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-லிருந்து ஹார்னுக்கு. 85, 86 இரண்டும் பழைய ஹார்ன் ஒயர்களுக்கு. கைப்பிடிச் சுவிட்சு வழியாக ரிலேயை இழுக்கும் சின்ன மின்னோட்டம் மட்டும் போகும், ஹார்னின் முழுச் சுமை போகாது. மோட்டார் ரூம் ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அமுக்கினால் உள்ளே கான்டாக்டர் 'டப்' என்று விழுகிறதே, அதே வேலை.

அப்பாவின் கை

வேலை முடிந்த அன்று அதே சோதனைகளைத் திரும்பச் செய்தேன். பாசிட்டிவ் பக்கம் 0.62 இருந்த இடத்தில் 0.07. நெகட்டிவில் 0.38-க்குப் பதில் 0.04. பேட்டரியில் 14.2. அதே காயில், அதே ஆர்ஆர் யூனிட், நான் எறிந்துவிடலாம் என்று நினைத்த அதே பேட்டரி. இந்த எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை அளந்து பக்கத்தில் எழுதுகிறேன். 0.07 என்றைக்காவது 0.15 ஆனால், வண்டி வழியில் நிற்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். அப்பாவுக்கு மீட்டர் பழக்கமில்லை. மோட்டார் ஓடி முடிந்ததும் மெயினை இறக்கிவிட்டு, ஃபியூஸ் கேரியரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். மூன்றில் ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அன்றைக்கே அதைக் கழற்றித் தேய்த்து இறுக்கிவிடுவார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்து வளர்ந்த பழக்கம் அது. அது எதற்கு என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். சைடு கவரைக் கழற்றிப் புதுக் கப்ளரைக் காட்டினேன். கோயமுத்தூரிலிருந்து ஹெட்லைட் போட்டபடியே வந்திருந்தேன். அப்பா குனிந்து முதலில் சிவப்புக் கப்ளரிலும் அப்புறம் மஞ்சளிலும் புறங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"சூடே இல்லயே கண்ணு" என்றார். "இனி பேட்டரி கெடக்கும், போ."